டியூட்டரை ஆகஸ்டிலேயே போய்ப் பாருங்கள்: மதுரைக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு

கல்லூரி திறந்து ஒன்றிரண்டு வாரத்தில் துறை வாசலில் இருக்கும் நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல் ஒட்டுவார்கள். இடது பக்கம் ஆசிரியர் பெயர், வலது பக்கம் பதினைந்து இருபது ரோல் நம்பர். கூட்டம் கலைந்த பிறகு நிதானமாக நின்று பாருங்கள். உங்கள் நம்பருக்கு நேராக இருப்பவர்தான் உங்கள் டியூட்டர். சில கல்லூரிகளில் மென்டர் என்பார்கள், பொறியியல் கல்லூரிகளில் ஃபேக்கல்டி அட்வைசர். நீங்கள் அவருடைய ‘வார்டு’. சில இடங்களில் வகுப்பில் இருக்கும் அறுபது பேருக்கும் ஒருவரே டியூட்டராக இருப்பார். பெயர் எதுவானாலும் உங்கள் வருகை, மார்க், உதவித்தொகை, உடம்பு, மனசு, வீட்டு நிலைமை எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள கல்லூரியே உங்களுக்கென்று நியமித்த ஆள் அவர். அவரைத் தேடிப் போவது தொந்தரவு கொடுப்பது ஆகாது. அது அவருடைய வேலை.

நான் மதுரையில் 20 வருடமாக இந்த வேலையைப் பார்க்கிறேன். உசிலம்பட்டி, பேரையூர், மேலூர், நத்தம் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் அவர்களில் பலர். ஹால் டிக்கெட் கொடுக்கும் அன்று காலையில் அழுதுகொண்டு வரும் பிள்ளைக்கு என்னால் செய்ய முடிவது கொஞ்சம்தான். அதே பிள்ளை ஆகஸ்டில் வந்திருந்தால் எவ்வளவோ செய்திருக்கலாம். நீங்கள் ஆகஸ்டிலேயே வர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் சந்திப்பு

ஒரு பிரச்சினையும் இல்லாதபோதே ஒரு முறை போய்விடுங்கள். டியூட்டருக்கு எந்த ஹவர் வகுப்பு இல்லை என்பது துறையில் மாட்டியிருக்கும் டைம்டேபிளில் இருக்கும். காலை ஷிஃப்டில் பாடம் எடுப்பவர் மதியம் இரண்டு மணிக்கு மேல் கல்லூரியில் இருக்க மாட்டார், அதையும் கவனியுங்கள். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, “சார், நான் உங்க வார்டு, ஃபர்ஸ்ட் இயர் மேத்ஸ். அஞ்சு நிமிஷம் பேசலாமா?” என்று கேட்டால் போதும். அவர் வேலையாக இருந்தால் எப்போது வரலாம் என்று கேட்டுக்கொண்டு, சரியாக அந்த நேரத்துக்குப் போங்கள்.

தமிழிலேயே பேசுங்கள். இங்கிலீஷில் பேச வேண்டுமோ என்று பயந்து ஒரு பருவம் முழுக்க வராமலே இருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். டியூட்டரிடம் பேச எந்த மொழியும் தடையாக இருக்கக் கூடாது. மதுரைத் தமிழ் தாராளமாகப் போதும்.

அங்கே ஒரு படிவம் கொடுப்பார்கள். அதை உண்மையாக நிரப்புங்கள். ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘பிசினஸ்’ என்று எழுதிவிட்டு, பிறகு ஒரு நாள் பேச்சுவாக்கில் அப்பா மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார் என்று சொன்ன பையன் எனக்கு நினைவில் இருக்கிறான். அவன் கூச்சப்பட்டது புரிகிறது. ஆனால் கட்டணச் சலுகைக்கோ, பழைய மாணவர் சங்கம் தரும் உதவிக்கோ பெயர் கேட்டு வரும்போது டியூட்டர் புரட்டிப் பார்ப்பது அந்தப் படிவத்தைத்தான். கூலி வேலை என்றால் கூலி வேலை என்றே எழுதுங்கள். அப்பா இல்லை, அம்மா மட்டும்தான் என்றால் அதையும் எழுதுங்கள். சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா என்று ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வகுப்பில் மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டியூட்டரின் போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்றும் கேட்டுவிடுங்கள்.

வருகைப் பதிவு

முதல் வருடத்தில் அதிகம் பேர் அடிபடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பருவத் தேர்வு எழுத பொதுவாக 75 சதவீத வருகை வேண்டும். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் 68 நாள். அதாவது 22 நாள் வரை வராமல் இருக்கலாம். கேட்க நிறைய இருப்பது போலத் தெரியும். ஆனால் காய்ச்சலில் ஐந்து நாள், அக்கா கல்யாணத்துக்கு நான்கு நாள், ஊரில் ஒரு கேதம், குலசாமி கும்பிடப் போனது, பொங்கல் விடுமுறையோடு சேர்த்து அலங்காநல்லூர், பாலமேடு ஜல்லிக்கட்டுக்கு இரண்டு நாள் என்று போனால் 22 எங்கே போனது என்றே தெரியாது. அழகர் ஆற்றில் இறங்கும் நேரம் தேர்வுக்கு மிகப் பக்கத்தில் வரும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

75க்குக் கீழே போனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று இல்லை. ஓர் அளவு வரை ‘கண்டோனேஷன்’ உண்டு. காரணத்தை எழுதி, சான்று வைத்து, ஒரு கட்டணம் கட்டினால் தேர்வு எழுத விடுவார்கள். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வு எழுத முடியாது. எந்த அளவு என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு அவரவர் விதி இருக்கும். சேரும்போது தரும் ஹேண்ட்புக்கில் அந்தப் பக்கத்தைத் தேடி மடித்து வையுங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மெடிக்கல் சர்டிஃபிகேட் கொடுத்தால் வந்ததாகப் போட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. அது கண்டோனேஷனுக்கு ஆதாரம், அவ்வளவுதான். வந்ததாகக் கணக்கில் சேர்வது ஓ.டி., அதாவது ‘ஆன் டியூட்டி’ மட்டும். கல்லூரி சார்பாக விளையாட்டுக்கோ என்.எஸ்.எஸ். முகாமுக்கோ போனால் ஓ.டி. படிவத்தில் போவதற்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள். திரும்பி வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் அலைந்துதான் வாங்கினார்கள்.

சில வருடங்களுக்கு முன் எழுமலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒரு மாணவர் வந்துகொண்டிருந்தார். முதல் பஸ்ஸைப் பிடித்து உசிலம்பட்டி வந்து, அங்கிருந்து 40 கிலோமீட்டர் போல ஆரப்பாளையம், அப்புறம் ஒரு டவுன் பஸ். பல நாள் முதல் ஹவர் பாதி முடிந்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவார். முதல் ஹவரில் இல்லையென்றால் அரை நாள் போச்சு என்பது அங்கே விதி. அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வாசலில் நிற்பார், திட்டு வாங்குவார், உட்காருவார். ஆகஸ்ட் கடைசியில் நான் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தபோது இருபத்தோரு அரை நாள் போயிருந்தது. கூப்பிட்டு, “ஏப்பா, காலையில எங்கிட்டுப் போற?” என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொன்றின் பின்பக்கமும் தேதி எழுதியிருந்தார். என்றைக்காவது யாராவது கேட்டால் காட்டலாம் என்று இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்.

அந்த டிக்கெட்டுகளை ஒரு தாளில் ஒட்டி, ஒரு கடிதம் எழுதச் சொல்லி, துறைத்தலைவரிடம் கூட்டிப் போனேன். ஹாஸ்டலில் ஓர் இடம் காலியாக இருந்தது. கட்டணத்தைத் தவணையில் கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. ஜூலையிலேயே சொல்லியிருந்தால் அந்த அரை நாட்களும் போயிருக்காது.

நானும் முதல் வருடத்தில் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தவன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் மூன்று வாரம் ஊரில் இருந்தேன். கல்லூரிக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. திரும்பி வந்தபோது அந்தப் பருவத் தேர்வை எழுத விடவில்லை. ஒரு கடிதமும் ஆஸ்பத்திரிச் சீட்டும் கொடுத்திருந்தால் போதும் என்பது அடுத்த வருடம்தான் எனக்குத் தெரிந்தது. கேட்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வேலைக்குப் போகிறவர்களும் டியூட்டரிடம் சொல்லிவிடுங்கள். முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலை, தீபாவளி நேரத்தில் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வேலை என்று போகிற பிள்ளைகள் நிறையப் பேர். இரவு ஒரு மணிக்குப் பந்தி முடித்துப் பாத்திரம் ஏற்றிவிட்டு வந்தவர் காலை வகுப்பில் தூங்கத்தான் செய்வார். காரணம் தெரிந்த ஆசிரியர் அவரைப் பார்க்கும் விதமே வேறு.

கடிதம் எழுதும் முறை

வாயால் சொன்னது மறந்து போகும், தாளில் இருப்பது நிற்கும். நீளமாக எழுத வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். என் அப்பாவுக்கு ஆபரேஷன் செய்வதற்காக அரசு ராஜாஜி மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். துணைக்கு வேறு ஆள் இல்லாததால் ஆகஸ்ட் 18 முதல் 22 வரை என்னால் வகுப்புக்கு வர இயலாது. 20ஆம் தேதி நடக்கும் இன்டர்னல் தேர்வை வேறொரு நாளில் எழுத அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வந்ததும் டிஸ்சார்ஜ் சம்மரியை ஒப்படைக்கிறேன்.”

என்ன நடந்தது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, உங்களுக்கு என்ன வேண்டும், என்ன சான்று தருவீர்கள் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. மேலே பெயர், ரோல் நம்பர், வகுப்பு எழுதுங்கள். கீழே பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் இதையே வாட்ஸ்அப்பில் டியூட்டருக்கு அனுப்பிவிட்டு, தாளைப் பிறகு கொடுக்கலாம்.

பணம்

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும். பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. நம் பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் படித்த சில பிள்ளைகள், “எங்க ஸ்கூல் இதுல வராதுல்ல சார்?” என்று கேட்கிறார்கள். வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் மாணவர்களுக்குத் தனி உதவித்தொகை இருக்கிறது.

பெரும்பாலும் பணம் நின்றுபோவது தகுதியில்லாததால் இல்லை, வங்கிக் கணக்கோடு ஆதார் இணையாததால். வங்கிக்கு நேரில் போய், ‘ஆதார் சீடிங்’ ஆகியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பள்ளியில் தந்த எமிஸ் எண், சாதிச் சான்று, இ-சேவை மையத்தில் புதிதாக வாங்கிய வருமானச் சான்று, முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல் ஒரு ஃபைலில் இருக்கட்டும். சான்றிதழில் ‘முத்துப்பாண்டி’, ஆதாரில் ‘முத்துபாண்டி’ என்று ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே சரிசெய்யுங்கள். விண்ணப்பத்தை கல்லூரியில் யார் பார்க்கிறார் என்று டியூட்டரிடம் கேளுங்கள். அவரே அந்த ஆபீஸ் ஜன்னலுக்கு வழி சொல்வார்.

மார்க் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான கலை அறிவியல் படிப்புகளில் இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. இன்டர்னல் மார்க்கைக் கையெழுத்துக்குக் காட்டும்போது கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அனுப்பிய பிறகு திருத்துவது பெரிய பாடு. அரியர் விழுந்தால், அதாவது ஒரு பாடத்தில் தேறாமல் போனால், ரிசல்ட் வந்த வாரமே போய் மறுமதிப்பீட்டுக்குக் கடைசித் தேதி எது என்று கேளுங்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் சான்று வைத்திருப்பவர்கள் ஸ்கிரைப், அதாவது சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தரும் ஆள் கேட்கலாம், தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் கேட்கலாம். அதையும் பருவத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

மனசு சரியில்லாதபோது

ஹாஸ்டலில் முதல் மாதம் வீட்டு ஞாபகம் வருவது எல்லோருக்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்துவிட்டுப் போன சாயங்காலம்தான் ரொம்பக் கஷ்டமாக இருக்கும். அது மெல்ல மெல்லக் குறையும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, குளிக்கவே தோன்றவில்லை, எதுவும் மண்டையில் ஏறவில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் காத்திருக்காதீர்கள். டியூட்டரிடம் வந்து, “சார், கொஞ்ச நாளா நான் சரியில்ல” என்று மட்டும் சொல்லுங்கள். மீதியைக் கேட்பது எங்கள் பொறுப்பு. சொல்ல வரவில்லை என்றால் ஒரு நண்பரைக் கூட்டி வாருங்கள். நண்பர் இப்படி இருப்பதை நீங்கள் பார்த்தால், அவரிடம் கேட்டுக்கொண்டு நீங்களே கூட்டி வாருங்கள்.

டியூட்டர் மருத்துவர் ஆக மாட்டார். நல்ல டியூட்டர் கேட்டுக்கொண்டு, தெரிந்தவர்களிடம் சேர்ப்பார். கல்லூரியில் கவுன்சிலர் இருந்தால் அங்கே. இல்லையென்றால் கோரிப்பாளையம் பக்கத்தில் பனகல் ரோட்டில் இருக்கும் நம் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனை. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும், பணம் கட்ட வேண்டியதில்லை. நான் சில பிள்ளைகளோடு அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் காய்ச்சலுக்கு வந்தவர்களைப் போலத்தான் இருப்பார்கள், யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. நடு ராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சொல்லத் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வீட்டுக் கஷ்டமோ, காதல் தோல்வியோ, கடனோ எதுவானாலும் அது ஸ்டாஃப் ரூம் பேச்சாக ஆகக் கூடாது. ஆனால் உங்கள் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் டியூட்டர் சும்மா இருக்க மாட்டார், இருக்கவும் கூடாது. இன்னொன்று, முதல் வருடத்தில் பலருக்கு இன்னும் 17 வயதுதான். 18 வயதுக்குள் இருப்பவருக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிய வந்தால் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது போக்சோ சட்டம்.

டியூட்டரைத் தாண்டிப் போக வேண்டியவை

ராகிங் என்றால் நேராக முதல்வரிடமோ ராகிங் தடுப்புக் குழுவிடமோ போகலாம். தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங்குக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. 1800-180-5522 என்ற தேசிய எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். பெயர் சொல்லப் பயமாக இருந்தாலும் கூப்பிடுங்கள்.

பாலியல் தொல்லை என்றால் கல்லூரியின் உள் புகார்க் குழு. அதற்குத் தலைவர் ஒரு மூத்த பெண் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். முதலில் டியூட்டரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. குழு உறுப்பினர்களின் பெயர் கல்லூரி வளாகத்தில் எழுதி வைத்திருப்பார்கள். போகிற வழியில் ஒரு முறை படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம், மார்க், சான்றிதழ் போன்ற குறைகளுக்கு மாணவர் குறைதீர் குழு இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிப்படி அது 15 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் ஆம்புட்ஸ்பர்சனிடம், அதாவது மாணவர் குறைகளை விசாரிக்க நியமிக்கப்பட்டவரிடம், மேல்முறையீடு செய்யலாம். அசல் டி.சி., மார்க் ஷீட்டை வைத்துக்கொண்டு தர மறுக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது.

டியூட்டரே சரியில்லை, காது கொடுத்துக் கேட்கவில்லை, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துகிறார் என்றால் துறைத்தலைவரிடம் போய், “எனக்கு வேற டியூட்டர் வேணும் மேம்” என்று கேளுங்கள். மாற்றுவது உண்டு. நாங்களும் மனிதர்கள்தான், எல்லோரும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒருவர் சரியில்லை என்பதற்காக எல்லா ஆசிரியரிடமும் பேசுவதை நிறுத்திவிட வேண்டாம். லேப் அசிஸ்டென்ட், லைப்ரரியன், விடுதி வார்டன் என்று யாரிடம் உங்களுக்குப் பேச வருகிறதோ அவரிடமிருந்தே தொடங்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

அப்பா அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு நாள் கூலி போனாலும் ஒருவராவது வாருங்கள். பேன்ட் சட்டை போட்டுத்தான் வர வேண்டும் என்று இல்லை. வேட்டியிலேயே வாருங்கள், வயலிலிருந்து நேரே வந்தாலும் சரி, நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் பேசுவோம். வர முடியாவிட்டால் மாதம் ஒரு முறை டியூட்டருக்குப் போன் செய்து, “புள்ள ஒழுங்கா வருதாங்க?” என்று கேளுங்கள். மார்க்கைக் கேட்பதற்கு முன்னால் அதைக் கேளுங்கள். பேசும்போது பிள்ளையின் பெயரோடு வகுப்பையும் ரோல் நம்பரையும் சொல்லுங்கள். எங்கள் வகுப்புகளில் பாண்டியும் மீனாட்சியும் ஒன்றுக்கு மேல் இருப்பார்கள்.